கேள்விக்குப் பின்னால் நிற்பவர்கள்

பாராளுமன்றக் கேள்வி உறுப்பினரின் மேசையில்தான் பிறக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வன்னியிலிருந்து செய்தி எழுதியவனுக்கு அது பிறக்கும் இடங்கள் வேறு. கேப்பாப்புலவில் படைமுகாம் வேலிக்கு முன்னால் தறப்பாள் கட்டிய கொட்டில், கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றல், முல்லைத்தீவுக் கச்சேரி விறாந்தையில் கிடக்கும் வாங்கு, வவுனியா நகரில் உறுப்பினரின் இணைப்புச் செயலாளர் வந்து கடிதம் வாங்கும் தேத்தண்ணிக் கடை. இப்படியான இடங்களில் ஒருவர் தன் வாழ்க்கையில் விடை கிடைக்காத ஒன்றை இன்னொருவரிடம் சொல்கிறார். அது கடிதமாகிறது. கடிதம் வினாவாகி, மூன்று மொழிகளில் அச்சாகி, கடைசியில் தியவன்னா ஓயாக் கரையிலுள்ள பாராளுமன்றத்தில் ஓர் அமைச்சரின் முன்னால் போய் நிற்கிறது. அமைச்சர் என்ன சொன்னார் என்பதைத் திரும்பவும் அந்த மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில்.

போர் முடிவதற்கு முன்னும் பின்னும் நான் வன்னியில் பிராந்தியச் செய்தியாளனாக இருந்தேன். போருக்குப் பிறகு சில காலம் கொழும்பில் ஓர் ஆசிரியபீடத்தில் வேலை செய்தேன். அமர்வு நாட்களில் பாராளுமன்றத்தின் செய்தியாளர் கலரிக்கு அனுப்புவார்கள். ஆகவே கேள்வி புறப்படும் முனையும் அது போய்ச் சேரும் முனையும் எனக்குப் பழக்கம். பாரதூரமான ஒரு கேள்விக்கு அமைச்சர் விளையாட்டாகப் பதில் சொல்வதை இரண்டு முனையிலும் நின்று பார்த்தவனுக்கு வரும் கோபம் இலேசில் ஆறாது. ஏன் ஆறாது என்பதையும், அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எங்கள் தொழிலில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

வன்னியின் குரல் அந்தச் சபையில் எண்ணிக்கையில் சிறியது. 225 உறுப்பினர்களில் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. வாக்கெடுப்பில் எதையும் புரட்டிப்போட இவர்களால் முடியாது. இவர்களுக்குக் கையிலுள்ள பெரிய ஆயுதம் கேள்விதான். அரசாங்கத்தைப் பெயர் சொல்லி எழுப்பி, எத்தனை, எங்கே, எப்போது, யார் பொறுப்பு என்று கேட்கலாம். கேட்டது சபையின் பதிவான ஹன்சாட்டில் நிற்கும். சொன்னதும் நிற்கும்.

இப்படி ஒரு வினா தயாராவதற்குள் எத்தனை பேரின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது வெளியில் அதிகம் தெரியாது. "வினாக்களுக்கு வாய்மூல விடைகள்" என்ற தலைப்பின் கீழ் வரும் ஒவ்வொரு வினாவும் (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். எத்தனை குடும்பங்கள், எந்தக் கிராமம், எத்தனை ஏக்கர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இவற்றை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா, இன்றேல் ஏன் என்று முடியும். வினா அமைச்சுக்குப் போனதும் அமைச்சு மாவட்டச் செயலகத்தைக் கேட்கும். மாவட்டச் செயலகம் பிரதேச செயலகத்தைக் கேட்கும். பிரதேச செயலகத்திலிருந்து அது கிராம அலுவலரின் தலையில் வந்து விழும்.

ஒரு மாரிகாலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் அப்படியொரு கிராம அலுவலரோடு நானும் போனேன். மோட்டார் சைக்கிள் போகாத இடத்தில் இறங்கி நடந்தார். பொலித்தீன் பைக்குள் சுற்றிவைத்த பதிவேட்டை வீட்டுத் திண்ணையில் விரித்தார். குடும்ப அட்டையைப் பார்த்து, காணியின் பெயரைக் கேட்டு, எல்லையைக் கேட்டு, உறுதி இருக்கிறதா அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினார். "நாளைப் பின்னேரத்துக்கிடையிலை குடுக்கவேணும் அண்ணை, பாராளுமன்ற வினாவாம்" என்று என்னிடம் சொன்னார். அந்த வீட்டு அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த முறையெண்டாலும் அவையள் ஒரு பதில் சொல்லுவினமோ, ஐயா?" என்று கேட்டார். அலுவலர் பேனையை மூடி சட்டைப் பையில் குத்தினார். "எண்ணிக் குடுக்கிறது என்ரை வேலை அம்மா. சொல்லுறது அவையின்ரை வேலை" என்றார்.

அந்த வினா சபைக்கு வந்த நாளில் அமைச்சர் எழுந்து, விடையளிக்கக் கால அவகாசம் வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்தார். பக்கத்து ஆசனக்காரர் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்கள். மழையில் நனையாமல் காத்துக் கொண்டுவந்த அந்தப் பதிவேட்டின் எண்கள் எந்தக் கோப்பில் தங்கின என்பதைச் சபை கேட்கவில்லை.

செய்தியாளர் கலரியில் எங்களுக்கு மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக்கருவி இருக்கும். அமைச்சர் சிங்களத்தில் பேசுவார். மொழிபெயர்ப்பாளரின் தமிழ் சில விநாடி பிந்தித்தான் காதுக்கு வரும். அதனால் சபையின் சிரிப்பு எங்களுக்கு முதலில் கேட்கும், எதற்குச் சிரித்தார்கள் என்பது பிறகு வரும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய வினாவின் நடுவில் அந்தச் சிரிப்பு வந்து, காதுக்கருவியில் தமிழ் வரும்வரைக்கும் காத்திருந்த விநாடிகளை இந்தத் தொழிலில் மிகக் கடினமானவையாக நினைக்கிறேன். பேனை கையில் இருக்கும். எதை எழுதுவது என்று தெரியாது.

பொறுப்பில்லாத பதில்கள் பல உருவத்தில் வரும். முதலாவது, கால அவகாசம் கேட்பது. இது மரியாதையான தோற்றம் உடையது. ஒரு முறை கேட்டால் நியாயம். மூன்றாம், நான்காம் முறையும் கேட்டால் கேட்டவரைக் களைக்கப்பண்ணுவதுதான் நோக்கம். இரண்டாவது, முதற்பகுதிக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் எழாது என்று முடிப்பது. மூன்றாவது, எதிர்க்கேள்வி. அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், இதைப் புலிகளிடம் கேட்டீர்களா என்று திருப்பி எறிவது. வடக்குக் கிழக்கு உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும் இந்தக் கல்லை வாங்கியிருக்கிறார்கள். கடைசியானது பகிடி. கேட்டவரின் உடுப்பு, உச்சரிப்பு, பெண் என்றால் தோற்றம், எல்லாம் அதற்குப் பொருளாகும்.

இந்த நோய் வன்னிக்கு மட்டும் வந்ததல்ல. மஹிந்த ராஜபக்ஷ ஆட்சியில் எதிர்க்கட்சி உறுப்பினர் ரோசி சேனாநாயக்க சபையில் கேள்வி எழுப்பியபோது, போக்குவரத்து அமைச்சராக இருந்த குமார வெல்கம அவருடைய அழகைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தான் ஒரு பிரதிநிதியாகக் கேட்கிறேன் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. செய்தி உலகமெல்லாம் போனது. அவர் என்ன கேட்டார் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பகிடி எதைச் செய்து முடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தியாவிலும் அப்படியே. 2019 டிசெம்பரில் வெங்காய விலை ஏறி மக்கள் திண்டாடிய நேரம், மக்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தான் வெங்காயம், பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை என்றும் அப்படியான குடும்பத்திலிருந்து வந்தவர் என்றும் குறுக்கீடு ஒன்றுக்குப் பதில் சொன்னார். 2020 செப்டெம்பரில், ஊரடங்கின்போது வீடு திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டபோது, அப்படியான தரவு பேணப்படவில்லை, ஆகவே இழப்பீட்டுக் கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சு எழுத்தில் விடை தந்தது. அதில் சிரிப்பு இல்லை, பகிடி இல்லை. ஆனாலும் இறந்தவர்களின் வீடுகளில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று வன்னிக்காரனுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எண்ணாமல் விட்டவர்களே, எண்ணிக்கை இல்லை என்பதைக் காரணமாகக் காட்டுவது எங்களுக்குப் பழகிப்போன முறை.

எண்ணிக்கை என்றால் போர் முடிந்த 2009 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி இந்திய மக்களவையில் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி இலங்கை நிலைமை குறித்து ஓர் அறிக்கையை வாசித்தார். சிக்கியிருக்கும் பொதுமக்கள் தொகை பற்றிப் பல மதிப்பீடுகள் உண்டு, 70,000 பேரளவில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. இலங்கை அரசும் அந்த அளவான தொகையையே சொல்லிக்கொண்டிருந்தது. வன்னிக்குள் கடமையில் இருந்த அரச அதிகாரிகளின் கணக்கோ 3 இலட்சத்துக்கு மேல். அப்போது நானும் குடும்பமும் மாத்தளன் கரையில் பங்கருக்குள் இருந்தோம். அந்த 70,000க்குள் எங்களை யாராவது எண்ணியிருந்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. எண்ணிக்கை குறைந்தால் கப்பலில் வரும் மாவும் பருப்பும் குறையும், மருந்து குறையும் என்பது மட்டும் தெரியும். கஞ்சி வரிசையில் பாத்திரத்தோடு நின்ற பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. சபையில் வாசிக்கப்படும் ஓர் எண் கடைசியில் ஒரு பிள்ளையின் கோப்பைக்குள் வந்து நிற்கும்.

அந்த மே மாதம் வன்னி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் சதாசிவம் கனகரத்தினமும் மக்களோடு வெளியே வந்து, பல மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டார். எங்களுக்காகக் கேள்வி கேட்க வேண்டியவரே தடுப்பில் இருந்த காலம் அது.

2011 ஜனவரி 8ஆம் திகதி மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டு எண்களும் அரச, ஐ.நா. பதிவுகளில் இருந்து எடுத்தவை. அந்தக் கழித்தலுக்கு நேர்நின்று விடை சொன்ன அரசு இன்னும் வரவில்லை. ஆயர் 2021 ஏப்ரலில் காலமானார் என்று எழுதும்போது, அந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனை அமர்வுகள் நடந்திருக்கும் என்று மனம் கணக்குப் பார்க்கிறது.

பொறுப்பில்லாத பதிலில் இன்னொரு வகையும் உண்டு: உண்மைபோல ஒலித்து உண்மையை மூடும் விடை. 2012 செப்டெம்பரில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் கேப்பாப்புலவு மக்கள் இருந்தார்கள். எல்லோரும் மீள்குடியேறிவிட்டார்கள், இனி அகதிகள் இல்லை என்று அரசு அறிவித்தது. அந்த மக்களின் ஊரில் படைத் தலைமையகம் இருந்தது. அவர்களைச் சொந்த ஊருக்குள் விடாமல் சீனியாமோட்டையில் காடு வெட்டிய இடத்தில் இறக்கினார்கள். நான் போனபோது மரக்குற்றிகளுக்கு நடுவில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு வயோதிபர் தன் வீட்டு முற்றத்துப் பலா மரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கையால் காட்டினார். கைகாட்டும் தூரத்தில்தான் இருந்தது, நடந்துபோக முடியாது. அவரையும் சேர்த்துத்தான் மீள்குடியேறியோர் தொகையைக் கூட்டியிருந்தார்கள். விடையில் இருந்த எண்ணுக்கும் முகாமுக்கு வெளியே நின்ற மனிதனுக்கும் இடையில் ஒரு வேலி இருந்தது. அந்த வேலியைப் பற்றித்தான் கேள்வியே.

2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, மார்ச் தொடக்கத்தில், தங்கள் காணிக்குள் போனார்கள். வீதியில் உட்கார்ந்து கிடைத்த அந்த விடையைப் பார்த்துத்தான் கேப்பாப்புலவின் மற்றப் பகுதி மக்களும் உட்கார்ந்தார்கள். சபையில் ஒழுங்கான விடை கிடைத்திருந்தால் குழந்தைகளைப் பனியில் படுக்கவைத்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வந்திருக்காது.

அதே ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியா, மார்ச்சில் முல்லைத்தீவு. அதற்கு முந்திய ஆண்டு, 2016 ஓகஸ்ட் 11ஆம் திகதி, காணாமற்போனோர் அலுவலகச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. உறுப்பினர்கள் சபை நடுவில் இறங்கிக் கூச்சல் போட, விவாதம் ஒழுங்காக நடக்காமலே அது நிறைவேறியது. ஆணையாளர்கள் நியமிக்கப்பட 2018 பெப்ரவரி வரை ஆனது. பிள்ளையை 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் கையால் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த தாய், தன் பிள்ளைக்கான சட்டம் இப்படியொரு கூச்சலுக்குள் பிறந்ததைக் கண்ணால் பார்த்தாள்.

சபைக்கு வெளியே கிடைத்த விடைகளும் அந்தத் தாய்மாருக்கு நினைவிருக்கிறது. 2016 பொங்கல் காலத்தில் யாழ்ப்பாணம் வந்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, காணாமல்போனவர்களில் பெரும்பாலானோர் உயிருடன் இல்லாமல் இருக்கலாம் என்றார். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஐ.நா. வதிவிடப் பிரதிநிதியிடம் அவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றார். எப்போது, எங்கே, யாரால் என்ற மூன்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. 2022 மார்ச்சில் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. பணம் கேட்டுப் போராடியவர் அந்தக் கொட்டில்களில் யாரும் இருக்கவில்லை.

கிளிநொச்சிக் கொட்டிலுக்கு ஒருநாள் பின்னேரம் போனேன். முதல்நாள் சபையில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிப் பேச்சு வந்திருந்தது. மகனின் படத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, "தம்பி, எங்கடை பிள்ளையளைப் பற்றிக் கேட்டவையாமே. அதுக்கு என்ன சொன்னவை?" என்று கேட்டார். விடை தரவில்லை அம்மா, திரும்பவும் கேட்பார்கள் என்றேன். "சிரிச்சவையாம். பேரன் போனிலை காட்டினவன்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவர் படத்தின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "சிரிச்சதையும் எழுதுங்கோ தம்பி. ஆனால் முதல்லை நாங்கள் கேட்டதை எழுதுங்கோ."

அந்த அம்மா சொன்னதுதான் பாராளுமன்றச் செய்தியின் இலக்கணம். எங்கள் பத்திரிகைகளில், சிங்கள ஆங்கிலப் பத்திரிகைகளிலும், வழக்கம் மறுவளமாக இருக்கிறது. அமைச்சரின் பகிடி தலைப்பாகும். சபையில் சிரிப்பலை என்று உபதலைப்பு வரும். கேள்வி கடைசிப் பந்தியில் சுருங்கிக் கிடக்கும், இடம் போதாவிட்டால் வெட்டுப்படும். இப்படிச் செய்யும்போது அமைச்சருக்கு நாங்கள் கூலி இல்லாமல் வேலை செய்கிறோம். கேள்வியை மறக்கவைப்பதற்காகத்தான் பகிடி விடப்பட்டது, மறக்கவைக்கும் வேலையை அச்சில் நாங்கள் முடித்துக்கொடுக்கிறோம்.

ஆகவே நான் எனக்கென்று சில முறைகளை வைத்துக்கொண்டேன். செய்தியின் முதல் வரியில் கேள்வி வரும், கேட்டவர் பெயரும் திகதியும் வரும். அடுத்து, வினாவின் எந்தப் பகுதிக்கு விடை வந்தது, எந்தப் பகுதி வெறுமையாக விடப்பட்டது என்று (அ), (ஆ) வரிசையிலேயே எழுதுவேன். முன்னர் அவகாசம் கேட்கப்பட்டிருந்தால் அந்தத் திகதிகளையும் சேர்ப்பேன். அமைச்சர் சொன்ன பகிடி, தேவையென்றால், அதற்குப் பிறகு, அவர் பெயரோடு வரும். ஹன்சாட்டில் இடையீடு என்று ஒரு சொல்தான் அடைப்புக்குறிக்குள் நிற்கும், சபாநாயகர் நீக்கச் சொன்னவை அதிலும் இராது. அந்த நேரத்தில் யார் சிரித்தார், யார் தலைகுனிந்து இருந்தார், யார் எழுந்து எதிர்த்தார் என்பது கலரியில் இருந்தவனின் குறிப்புப் புத்தகத்தில் மட்டுமே மிஞ்சும். சிங்கள உறுப்பினர்களில், எதிர்த்தரப்பு வரிசையில் இருந்து எழுந்து, அந்தக் கேள்விக்கு விடை சொல்லுங்கள் என்று அமைச்சரை மறித்தவர்களும் உண்டு. அதையும் எழுத வேண்டும். விடை தெரியாது, தேடித் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி சபாபீடத்தில் சமர்ப்பித்த அமைச்சர்களும் உண்டு. அவர்களுக்கும் செய்தியில் இடம் உண்டு.

கேள்வி கேட்பவர்களுக்கும் ஒரு முறை உண்டு. 2011 ஜூலையில் எம்.ஏ. சுமந்திரன் வடக்குக் கிழக்கு நிலைமை பற்றிய அறிக்கையொன்றைச் சபாபீடத்தில் சமர்ப்பித்தார். இடம், காணி, முகாம் என்று விபரமாக எழுதி வைத்த ஒன்றைச் சிரித்துத் தள்ளுவது கடினம். மறுக்கலாம், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பகிடிக்கு இடம் கிடைக்கும். கிராமத்தின் பெயரும் திகதியும் ஏக்கரும் கேள்விக்குள் இருந்தால் பகிடி வழுக்கி விழும். என்னிடம் ஆலோசனை கேட்ட இணைப்புச் செயலாளர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிவந்தேன்.

2017 பெப்ரவரி 3ஆம் திகதி தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எங்களுக்கு இன்னொரு வாசல் திறந்தது. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. சபையில் அமைச்சர் நழுவவிட்ட வினாவை அப்படியே எடுத்து, (அ), (ஆ) மாறாமல், விண்ணப்பமாக எழுதலாம். பிரதேச செயலகங்களில் அச்சொட்டாக விடை கிடைத்த அனுபவம் எனக்கு உண்டு. அமைச்சர் அவகாசம் கேட்ட எண், கச்சேரியில் ஒரு எழுதுவினைஞரின் கோப்பில் கூட்டிப் போட்டு இருந்தது.

ஆனால் எல்லா வாசலும் அப்படித் திறப்பதில்லை. 2019இல் தமிழ்ப் பத்திரிகையாளர் ஒருவர், போரின் கடைசியில் இராணுவத்திடம் சரணடைந்தவர்கள் எத்தனை பேர் என்று இச்சட்டத்தின் கீழ் கேட்டார். புலிகள் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று இராணுவம் விடை அனுப்பியது. வட்டுவாகல் பாலத்தடியில் சீருடைக்காரரிடம் கணவனை ஒப்படைத்த பெண்களுக்கு இதை எப்படி வாசித்துக் காட்டுவது? அனந்தி சசிதரன் உள்ளிட்டோர் 2013இல் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுக்களில், 2022 டிசெம்பரில், அனந்தியின் கணவர் எழிலன் முதலானோரை மன்றில் முற்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. சபையில் பகிடியாகவும் காகிதத்தில் சொல்விளையாட்டாகவும் போன கேள்வியை ஒரு நீதிமன்றம் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது. அந்த நாளில் வவுனியாவில் நின்ற பெண்கள் அதை வெற்றி என்று கொண்டாடவில்லை. கேட்டது நியாயம் என்று ஒருவராவது சொன்னார் என்றார்கள்.

சபையில் விளையாட்டாகச் சொல்லப்படுவது வெளியே விளையாட்டாக இருப்பதில்லை. 2011 மார்ச்சில் பிரதமர் தி.மு. ஜயரத்ன தமிழ்நாட்டில் புலிகளின் இரகசியப் பயிற்சி முகாம்கள் இருப்பதாகச் சபையில் சொன்னார். இந்தியா மறுத்ததும் அவர் அதிலிருந்து பின்வாங்கினார். 2023 ஜூலையில் உறுப்பினர் சரத் வீரசேகர, குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜாவைச் சிறப்புரிமையின் மறைவில் நின்று சபையில் தாக்கிப் பேசினார். வடக்குச் சட்டத்தரணிகள் நீதிமன்றப் பணியைப் புறக்கணித்தார்கள். செப்டெம்பரில் அந்த நீதிபதி உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகச் சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார். 1953ஆம் ஆண்டின் சிறப்புரிமைச் சட்டம் உறுப்பினரின் வாய்க்குக் காவல் தருகிறது. பயமில்லாமல் உண்மை பேசட்டும் என்பதற்காகத் தந்த காவல் அது.

சபையில் சிரிப்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வவுனியாவை முதலில் பிரதிநிதித்துவம் செய்த சி. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியர், வாதத்தில் எவருக்கும் விட்டுக்கொடாதவர். இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமூலத்தின்போது 1948இல் அமைச்சுப் பதவியையே விட்டு வெளியேறினார். கூர்மையான நாக்குக்குப் பின்னால் அப்படியொரு பொறுப்பு நின்றது. கேள்வியை இன்னும் கூர்மையாக்கும் நகைச்சுவையைக் கேட்டால் கலரியில் நாங்களும் இரசித்திருக்கிறோம். கேள்வியைக் கொல்ல வரும் பகிடியை அதோடு சேர்க்கக் கூடாது.

இப்போது என்ன செய்யலாம்? விடையளிக்கப்படாத வினாக்கள் எவை, எத்தனை முறை எந்த அமைச்சர் அவகாசம் கேட்டார் என்ற பட்டியலை ஒவ்வோர் அமர்வு வாரத்தின் முடிவிலும் சபாநாயகர் வாசிக்க வேண்டும். ஒரு மாவட்டம் பற்றிய வினாவுக்குக் கிடைத்த விடை, கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்ற செய்தி, அந்த மாவட்டத்தின் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். எண்ணிக் கொடுத்த கிராம அலுவலரும், எண்ணப்பட்ட குடும்பமும் அதை வாசிக்க உரிமை உள்ளவர்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

வாக்காளர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த தேர்தலில் வீட்டுப் படலைக்கு வரும் வேட்பாளர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னர் வேறு மூன்றைக் கேளுங்கள். எங்களுக்காக என்ன வினா கேட்டீர்கள்? என்ன விடை வந்தது? விடை வராதபோது அடுத்ததாக என்ன செய்தீர்கள்? மூன்றாவதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தவரையே திரும்பவும் அங்கே அனுப்புங்கள்.